மூன்று சென்ரிமீற்றர்

பிடரியில், காதுகளுக்கு நடுவே,
பென்சில் தடிப்பில் ஒரு கற்றை.
ஒட்ட வெட்டித் தாளில் ஒட்டி
வேர்ப்பக்கம் அம்புக்குறி போட வேண்டும்.
மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளருமாம் மயிர்.
மூன்று போதும்,
மூன்று மாதத்தை அரைத்துப் பொடியாக்கி
கோர்ட்டிசோல் எவ்வளவென்று சொல்ல.

"அப்ப இருவது வருசத்துக்கு முந்தினது?"
என்றாள் றாஹிலா.
அந்த நீளத்துக்குக் கூந்தல்
எவருக்கும் இல்லை என்றேன்.
சிரித்தாள்.
தலை ஆடி ஓயும்வரை
கத்தரிக்கோல் காத்திருந்தது.

இலக்கம் நூற்றுப் பதினேழு.
மருதமுனை, கடற்கரை வீதியிலிருந்து
இரண்டு ஒழுங்கை உள்ளே.
வயது நாற்பத்தொன்று. தொழில் இடியப்பம்.
கடல் வந்த காலையில் இழந்தவர்கள்:
கட்டத்துள் எண் மட்டும் எழுதலாம்.
எழுதினேன்.
அவள் பெயர்களையும் சொன்னாள்.
படிவத்தில் இடமில்லை, உள்ளங்கையில் குறித்தேன்.

எழும்பி முப்பதாம் நிமிடம்
பஞ்சை வாயில் வைத்து ஊறவிட்டுக்
குழாய்க்குள் துப்ப வேண்டும்,
பல் துலக்காமல், பிளேன்ரீ குடிக்காமல்.
"நித்திரை கொண்டாத்தானே மிஸ் எழும்புற?
ரெண்டரைக்கு மா அவிக்கணும்.
அதுக்கு முதல் கிடந்தது நித்திரையா
சும்மா கண்ண மூடின கிடையா,
அத உங்கட பஞ்சுதான் சொல்லணும்."
எழும்பிய நேரம் 2.30 என்று எழுதினேன்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
பேராசிரியருக்கு அது பிடிக்காது.

பிறகு நெஞ்சில் பட்டி, ஐந்து நிமிடம்.
சீராய் அடிக்கும் இதயம்தான் நல்லதென்று
பயிற்சிக்குப் போகும்வரை நானும் நினைத்திருந்தேன்.
இல்லையாம்.
துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி
கூடிக் குறைய வேண்டுமாம்,
மூச்சு இழுக்கையில் விரைந்து, விடுகையில் தயங்கி.
அளவெடுத்தாற்போல் அடிப்பதுதான்
விறைத்துப்போன நெஞ்சு.
திரையில் அவள் கோடு
றபான் பழகும் பிள்ளையின் கைபோல
முந்தியது, பிந்தியது,
விடவில்லை.

"பழுதா?"
"இல்ல, நல்லம்."
"அப்ப மா அரைக்கிற மிசின்தான் பழுது."

ஐஸ் கரைந்துவிட்டது. கரண்டும் இல்லை.
சந்தியில் மீன்காரர்
சூரையின் மேலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டார்.
உள்ளே என்ன என்றார்.
எச்சில் என்றதும்
ஒரு கையைத் திரும்ப எடுக்கப் பார்த்தார்.

மட்டக்களப்பு பஸ்ஸில் மடியில் பெட்டி.
கல்லாற்றில் இருபுறமும் நீர்.
ஆரையம்பதியில் கையைப் பார்த்தேன்:
வியர்வையில் பெயர்கள் நீலக் கறையாகியிருந்தன.
ஒரு 'றி' மட்டும் மிச்சம்.
கல்லடிப் பாலம் வந்தது.
முன்பு இங்கே இறங்கி நடப்போம்,
பையைத் திறந்து காட்டுவோம்.
இப்போது எவரும் மறிப்பதில்லை.
என் விரல் மட்டும்
தானாய்ப் போய் சிப்பைத் தேடும்.

ஒப்பீட்டுக் குழுவில் ஆள் போதவில்லை.
'பாதிப்பில்லாதவர்' என்ற பெட்டியில் சரி போட்டு
என் மயிரும் எச்சிலும் கொடுத்திருந்தேன்.
ஏழு மாதம் கழித்து வந்தன கோடுகள்.
நூற்றுப் பதினேழு
காலையில் ஏறி, பொழுதுபட இறங்கியது.
ஏறுவது எல்லா உடலும் செய்யும்.
இறங்கத் தெரிவதைத்தான்
நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.
என்னுடையது
காலையிலும் மாலையிலும் தட்டை.

தட்டை என்றால் அமைதியா, தேய்வா?
கணினித் திரையில் பேராசிரியர்
வாய் திறந்தபடி உறைந்தார்,
மறுபடி அசைந்து
"இரண்டுமாக இருக்கலாம்" என்றார்.

இரண்டாம் சுற்றுக்குப் போனேன்.
வெட்டிய இடத்தில் புதுமயிர்
கட்டையாய் விரலில் குத்தியது.
"போன முறை என்ன வந்திச்சி?"
தனித்தனியே சொல்லக் கூடாது என்பது விதி.
"இறங்குது" என்றேன்.
"எது?"
"பின்னேரத்தில. எல்லாம்."
யோசித்தாள்.
"பின்னேரம் மா முடிஞ்சிரும்" என்றாள்.
இருபது இடியப்பம் சுற்றித் தந்தாள்,
சம்பல் வேறாக.

கல்லடிப் பாலத்தில்
விரல் சிப்பைத் தேடியது. விட்டுவிட்டேன்.
பை திறந்தது.
தேங்காய் மணம் பஸ்ஸுக்குள் பரவ
முன்சீட்டுப் பிள்ளை திரும்பிப் பார்த்தது.
எவரும் எதுவும் கேட்கவில்லை.
பஸ் நிலையம்வரை
மூடாமலே வைத்திருந்தேன்.